மூத்த மருமகள் கொண்டை

அந்த வருடம் துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் பெண்கள் எல்லாரும் கொண்டையை இடது பக்கமாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். உங்களில் என் வயதுக்காரர்கள், அதிலும் கல்கத்தாவில் வளர்ந்தவர்கள், இதைப் படித்ததும் சிரிப்பீர்கள். நீங்களும் கண்ணாடி முன்னால் நின்று அம்மாவின் ஊசிகளை எடுத்து அப்படி ஒரு கொண்டை போட்டுப் பார்த்திருப்பீர்கள்.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வங்காளித் தொடர் வரும். பெரிய கூட்டுக்குடும்பம், நான்கு மருமகள்கள், ஓயாத சண்டை. அதில் மூத்த மருமகள்தான் எல்லாருக்கும் பிடித்தவள். காதை மூடித் தலைமுடியைத் தாழ வாரி, இடது காதுக்குப் பின்னால் கனமாக ஒரு கொண்டை. முழங்கை வரை ஜாக்கெட், ஓரத்தில் லேஸ். பவானிபூர் கடைகளில் அகலச் சிவப்புக்கரை போட்ட பருத்திப் புடவையை ‘மூத்த மருமகள் புடவை’ என்றே சொல்லி விற்றார்கள். அவளுடைய கடைசி நாத்தனாராக வரும் சின்னப் பெண் போடுகிற ஃபிராக்குக்கும் கிராக்கி. பலூன் கை, முதுகில் பெரிய முடிச்சு. எங்கள் பிளாக்கில் ஐந்து பெண் குழந்தைகள். பூஜை வருவதற்கு முன்பே நான்கு பேருக்கு அந்த ஃபிராக் வந்துவிட்டது. பாக்கி நான் மட்டும்.

எங்கள் வீட்டில் டிவி இல்லை. கீழ்வீட்டு காக்கிமாவின் வீட்டில்தான் பார்ப்போம். காக்கிமா என்றால் வங்காளத்தில் சித்தி. அந்தம்மாளை பிளாக்கே அப்படித்தான் கூப்பிடும். அவர் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தால் ஜன்னல் வழியே கங்கையின் சேற்று வாசனையும், கப்பல் கட்டும் தளத்தின் இரும்பு வாசனையும், காக்கிமா பொரிக்கும் கத்தரிக்காயின் கடுகெண்ணெய் நெடியும் சேர்ந்து வரும். இன்றைக்கும் கடுகெண்ணெய் காய்ந்தால் எனக்கு அந்தத் தொடரின் ஆரம்ப இசை கேட்கிறது.

அப்பா ரயில்வே தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா. திருநெல்வேலிக்காரர். பேச்சு குறைவு. அம்மாவும் அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு அப்போது முப்பத்திநான்கு வயது இருக்கும். அதுவரை அவளை யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை, அவளுடைய சடையைத் தவிர. அது இடுப்புக்குக் கீழே தொங்கும். பஸ்ஸில் வங்காளிப் பெண்கள் கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அந்தச் சடையை அவள் ஒருநாள் நிறுத்திவிட்டு இடதுபக்கக் கொண்டைக்கு மாறினாள். புருவத்தைத் திருத்திக்கொண்டாள். லேஸ் வைத்த ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். மற்ற பெண்கள் செய்தபோது அது ஃபேஷனாக இருந்தது. அம்மா செய்ததும் எங்கள் வீட்டில் அது வேறாகிவிட்டது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அத்தையைப் பொல்லாதவள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் புருஷன் தூத்துக்குடியில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். அது அவளுக்கு ஏழு வருடம் தெரியாது. புதுச் சட்டை, தலைக்கு மை, காரணம் சொல்லாத வெளிவேலை, எல்லாம் கண்ணெதிரே நடந்தும் தெரியாமல் இருந்துவிட்டாள். இனி எந்த வீட்டிலும் எதுவும் தன் கண்ணுக்குத் தப்பக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள் போலிருக்கிறது. இது இப்போது புரிகிறது. அப்போது எனக்கு, அத்தை எல்லாம் தெரிந்தவள்.

வாரம் ஒருநாள் மத்தியானம் அம்மா லேக் மார்க்கெட்டுக்குப் போவாள். தமிழ்ச் சாமான் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். கறிவேப்பிலை, காப்பிப்பொடி, சின்ன வெங்காயம். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறவள் அந்தப் பருவத்தில் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

“காப்பிப்பொடி வாங்கப் போனவ காப்பிப்பொடி இல்லாம வாரா” என்றாள் அத்தை, எனக்குத் தலை வாரிக்கொண்டே. “சின்ன உள்ளி மட்டும் கிலோ கணக்குல வாங்குதா. கொழம்புல ஒரு உள்ளியக் காணும். எங்கட்டி போவுது?”

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு நானும் பார்க்க ஆரம்பித்தேன். சந்தேகம் ஒரு விளையாட்டு மாதிரி எனக்குப் பிடித்துப்போனது. அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்கு நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுவேன், அதை “நானே தேச்சுக்கிடுதேன்” என்று நிறுத்திவிட்டாள். படுக்கும்போது முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவள் தலையணையில் ஒரு காரமான வாசனை வந்தது. நான் ஒவ்வொன்றையும் அத்தையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் “ம்” என்று கேட்டுக்கொள்வாள். அந்த ‘ம்’முக்காகவே நான் இன்னொன்றைத் தேடிப் போவேன்.

அத்தைக்கு வங்காளம் தெரியாது. காக்கிமாவிடம் விசாரிக்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். “உங்கம்மா இப்பல்லாம் எப்படி இருக்கான்னு கேளு” என்றாள். நான் கேட்டேன். காக்கிமா வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். “உன் அம்மா திடீரென்று அழகாகிவிட்டாள். ஒரு பெண் திடீரென்று அழகானால் காரணம் கேட்கக் கூடாதம்மா” என்றார். வெறும் கேலி. நான் அதை வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். கேலியை எப்படி மொழிபெயர்ப்பது என்று பதினோரு வயதில் எனக்குத் தெரியாது. அத்தை முகம் இறுகியது. “பாத்தியா, கீழ்வீட்டுக்காரிக்கே தெரிஞ்சிருக்கு” என்றாள்.

அப்பா எதையும் கவனிக்காதவர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் அலுவலகத்திலிருந்து வந்து நின்றார். தண்ணீர் குடித்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார், படுக்கையறையைப் பார்த்தார். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “என்ன, இந்நேரத்துல?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்று திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம் அதே மாதிரி இரண்டு தடவை வந்தார். தாம்பரத்துப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதப்போவதாகவும் ஒருநாள் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

ஆற்றங்கரை ஓரம் நாணல் பூத்து வெள்ளையாக நின்றது. குவார்ட்டர்ஸ் வாசலில் பவழமல்லி கொட்ட ஆரம்பித்தது. மைதானத்தில் பந்தலுக்கு மூங்கில் நட்டார்கள். என் ஃபிராக் மட்டும் வரவில்லை. “இந்த வாரம் கூட்டிட்டுப் போறேன்” என்பாள் அம்மா. வாரம் வரும், அவள் தனியாகப் போய்விட்டு வருவாள்.

“நீயும் கூடப் போ” என்று அத்தை சொல்லிக்கொடுத்தாள். “ஃபிராக்கு வேணும்னு அழு. விடாத. எங்கெங்க போறா, யாரப் பாக்கான்னு கண்ணத் தொறந்து பாத்துட்டு வா.”

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அம்மா வாசலில் குடையோடு கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு, “சரி, வா” என்றாள்.

கிதிர்பூரில் பஸ் மாறினோம். அலிப்பூர் கோர்ட்டு மதிலைத் தாண்டினோம். லேக் மார்க்கெட் வரை போகாமல் அம்மா பவானிபூரிலேயே இறங்கினாள். ஒரு சந்து, மரச்சாமான் கடை, அதற்கடுத்து ஒரு சின்ன பியூட்டி பார்லர். மூன்று நாற்காலிகள். கருகிய முடி வாசனையும் பன்னீர் வாசனையும். பார்லர்க்காரி அம்மாவைப் பார்த்ததும் தெரிந்தவளைப் போலச் சிரித்து உள்ளே கையைக் காட்டினாள். அம்மா என்னை பெஞ்சில் உட்காரவைத்து, “இங்கயே இரு. எழுந்திரிக்காத” என்று சொல்லிவிட்டுப் பச்சைத் திரைக்குப் பின்னால் போனாள்.

நான் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்துவதைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, செவ்வாய்க்கிழமை தொடரில் என்ன நடந்தது என்று பேசிக்கொண்டேயிருந்தாள். பிறகு மெல்ல எழுந்து போய்த் திரையை ஒரு விரல் அகலம் விலக்கினேன்.

உள்ளே சின்ன அறை. சுவர் முழுக்க ஆணிகளில் முடி தொங்கியது. ராஜாவின் தாடி, முனிவரின் சடை, நீள நீளமான பெண்கூந்தல். நாடகத்துக்கும் டிவிக்கும் பொய்முடி செய்கிறவரின் அறை அது. வெற்றிலைச் சிவப்பு வாயோடு ஓர் ஆள், அப்பா வயதிருக்கும், அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. அவர் கையில் ஒரு நூல். அம்மாவின் தலையை அளந்துகொண்டிருந்தார். அவர் விரல்கள் அவள் பிடரியில் இருந்தன.

இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் வெளுத்து, வழவழவென்று மின்னியது. அதற்கு மேலே இன்னும் இரண்டு வட்டம்.

அந்த ஆள் வங்காளத்தில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “அண்ணி, மூத்த மருமகள் கொண்டைதானே கேக்கறீங்க? அவ தலையில இருக்கறதே நான் கட்டினதுதான். அவளோட சொந்த முடி எலிவால் மாதிரி இருக்கும். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, என் பொழப்பு போயிடும்.”

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அவள் அப்படிச் சிரித்து நான் அந்த வருடம் முழுக்கப் பார்க்கவில்லை.

நான் பெஞ்சுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஃபிராக் கடைச் சந்தில் முழங்கால் தண்ணீர். “அடுத்த வாரம் கண்டிப்பா” என்றாள் அம்மா. ஒரு கூம்புக் காகிதத்தில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லாத, என்ன?” என்றாள். நான் தலையாட்டினேன். கடலையைத் தின்றேன். ஃபிராக் இல்லாமல் வீட்டுக்குப் போகிறோம் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கீழே தொடர் பார்க்கப் போயிருந்தாள். அத்தை பேன்சீப்போடு என்னை முன்னால் உட்காரவைத்தாள்.

“எங்க போனீங்க?”

“பவானிபூர்.”

“யாரப் பாத்தா?”

“ஒரு ஆள். அம்மா தலையத் தொட்டுட்டு நின்னாரு. அம்மா சிரிச்சா.”

சீப்பு நின்றது. “சிரிச்சாளா?”

“ம்.”

“நல்லாப் பாத்தியா? சிரிச்சாளா?”

“வாயப் பொத்திட்டுச் சிரிச்சா.”

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முடி இல்லாத இடத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. எலிவால் வேடிக்கையைச் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அத்தையின் கை நின்றிருக்காது. அவ்வளவு நேரம் அவள் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டாள்.

அடுத்த வாரம், பந்தலில் மேளக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அம்மா இரண்டு பையோடு வீட்டுக்குள் வந்தாள். புதுக் கொண்டை, பழையதைவிடக் கனமாக, அச்சாக மூத்த மருமகள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தை சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். நான் மேஜை அருகே.

“பவானிபூர்ல யாரப் பாக்கப் போற?” என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. அவர் கை மட்டும் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது.

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன?” என்றாள் அத்தை. “ஆம்பள கையில தலையக் குடுத்துட்டு இளிச்சிட்டு நிக்கியாமே. வயசுக்கு வாரப் பிள்ளைய வேற கூட்டிட்டுப் போய்.”

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். சிமென்ட் தரையில் ஒரு எறும்பு வரிசை போனது. அது மேஜைக் காலைச் சுற்றி மறையும் வரை பார்த்தேன்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மேஜை மேல் வைத்தாள். ஏழோ எட்டோ. பிறகு கொண்டை முழுசாக அவள் கையில் வந்தது. அதையும் ஊசிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

அறை முழுக்க வெங்காய வாசனை.

“பூச்சிவெட்டு” என்றாள் சுவரைப் பார்த்து. “ஆவணியில ஆரம்பிச்சுது. உள்ளியத் தட்டித் தட்டித் தேச்சுப் பாத்தேன். பரவுதே ஒழிய நிக்கல. அந்த ஆளு நாடகத்துக்குப் பொய்முடி கட்டுதவரு. அவரு பொண்டாட்டிதான் பார்லர் வச்சிருக்கா. போயிக் கேட்டுக்கிடுங்க.”

அப்பா எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். “எங்கிட்டச் சொல்லக்கூடாதா?” என்றார்.

“மத்தியானம் மத்தியானம் வந்து என்னத்தத் தேடுனீங்க? அப்பக் கேட்டிருக்கலாம்லா.”

அத்தை மெதுவாக, “எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்” என்றாள்.

அம்மா திரும்பினாள். “பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, சவுரி வச்சிருக்கான்னு என் சடைய இழுத்துப் பாத்தீகள்லா மைனி. எங்க வீட்டாளுங்க அத்தன பேரும் நின்னாங்க. அன்னைக்கு நெசமாத்தான் இருந்துச்சு.”

அம்மா இரண்டாவது பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். பொட்டலத்தில் என் ஃபிராக் இருந்தது. பலூன் கை, முதுகில் முடிச்சு, வான நீலம்.

பூஜை தொடங்கிய சப்தமியன்று அதைப் போட்டுக்கொண்டேன். மற்ற நான்கு பேரோடு பந்தலில் ஓடினேன். சந்தோஷமாகவும் இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா அந்தப் பொய்க்கொண்டையை மறுபடி வைக்கவில்லை. அஷ்டமியன்று முந்தானையைத் தலையில் முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள். கீழே காக்கிமா மூத்த மருமகள் கொண்டையில் பூவெல்லாம் வைத்துத் தயாராக நின்றார். அம்மாவை ஒரு நொடி பார்த்தார். விஷயம் அதற்குள் கீழே இறங்கியிருக்கும், அந்தச் சுவர்களின் கனம் அவ்வளவுதான். தலையில் துணி போடுவதெல்லாம் பழங்காலம் என்று சொல்கிறவர், தன் முந்தானையையும் எடுத்துக் கொண்டையோடு சேர்த்து மூடிக்கொண்டார். “சொலோ, வா போகலாம்” என்று அம்மாவின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் முக்காட்டோடு பந்தல் வரை நடந்தார்கள்.

அத்தை மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அம்மிக்கல்லில் சின்ன வெங்காயத்தைத் தட்டி, அம்மாவின் பின்னால் உட்கார்ந்து அவளே தேய்த்துவிட ஆரம்பித்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. தீபாவளி முடிந்து அத்தை ஊருக்குக் கிளம்பும் வரை தினமும் அது நடந்தது. வெங்காயத்தால்தான் அவள் கண் கலங்குகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா ஒரு கலர் டிவி வாங்கி வந்தார். எங்கள் பிளாக்கிலேயே பெரியது. கூடத்தில் வைத்துத் தானே பூப்போட்ட துணி தைத்து மூடினார். தொடர் நேரம் ஆனதும் போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா கீழே காக்கிமா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்பா தனியாக உட்கார்ந்து, பாதி புரியாத வங்காளத்தில் நான்கு மருமகள்களின் சண்டையைக் கடைசிவரை பார்ப்பார். இது பொங்கல் வரை நடந்தது. பிறகு ஒருநாள் அம்மா போகவில்லை.

அடுத்த வருடம் முடி முளைத்தது. முதலில் வெள்ளையாக, பூஞ்சை மாதிரி. அப்புறம் கறுத்தது. பழைய நீளம் மட்டும் வரவே இல்லை.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு எழுபத்தைந்து நெருங்குகிறது. இப்போது பேஹாலாவில் என் ஃபிளாட்டில் இருக்கிறாள். கேபிளில் வரும் தமிழ்த் தொடர்களை ஒன்று விடாமல் பார்க்கிறாள். போன மாதம் ஒருநாள் அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, நான் அவள் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். ஏனோ அன்றைக்குச் சொல்லிவிடத் தோன்றியது.

“அன்னைக்குப் பவானிபூர்ல நான் திரையை விலக்கிப் பாத்தேம்மா. சொட்டையையும் பாத்தேன். அந்த ஆளு சொன்னதும் கேட்டுது. அத்தைகிட்ட அத மட்டும் சொல்லல.”

“தெரியும்” என்றாள் அம்மா.

சீப்பு என் கையில் நின்றது.

“எப்படித் தெரியும்?”

“பஸ்ஸுல வீடு வர வரைக்கும் என் காதுக்குப் பின்னாலயே பாத்துட்டு வந்தியே.”

“அப்ப ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?”

டிவியில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். அம்மா கண்ணை எடுக்கவில்லை.

“நீயா சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. சரி, இதுவும் அவுக வீட்டுப் பிள்ளதான்னு நெனச்சிக்கிட்டேன். அதுக்குப் பொறவு உங்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடுததில்ல.”

கோபமே இல்லை அந்தக் குரலில். மளிகைச் சாமான் விவரம் சொல்வது போலச் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவளுக்குக் கண்ணில் புரை வந்தது டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் முதல் மாரடைப்பு எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் கேட்கும்போதெல்லாம் “நல்லாத்தான் இருக்கேன்” என்றிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் அதை நம்பியதில்லை, அவளும் நான் நம்ப வேண்டும் என்று நினைத்ததில்லை.

விளம்பரம் வந்தது. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவள் தலைக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். விளம்பரம் முடிந்தது. அம்மா ரிமோட்டை எடுத்து ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.